நம்முடையது என்னும் கொடி

கோக்-தெஷிக் சுரங்கப்பாதையின் வடக்கு வாயிலுக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது மதியம்கூட ஆகியிருக்கவில்லை. ஆனாலும் வெளிச்சம் செத்துப்போயிருந்தது. கணவாயை மேகம் மூடி, மலை எது வானம் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். என் தம்பி தாலாய் கட்டுப்பாட்டு அறையின் முன்னால் வேனை நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை.

"இறங்கு டாக்டரம்மா. நோயாளி உள்ள மூச்சுத் திணறிக்கிட்டுக் கெடக்கார்."

"நக்கல் பண்ணாம ரோட்டைப் பாத்து ஓட்டு. திரும்பி எப்ப வருவ?"

"அந்தப் பக்கம் இந்த ஜனத்தை எறக்கிட்டு, அங்க இருக்கிற ஜனத்தை ஏத்திக்கிட்டு உடனே வர்றேன். இருட்டறதுக்குள்ள உன்னை வீட்ல சேக்கலேன்னா அம்மா என் தோலை உரிச்சு மாட்டிடும்."

"ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போயேன்டா."

"நான் டீ குடிச்சா பின்னாடி இருக்கிறவங்க என்னையே குடிச்சிடுவாங்க. போ, போ. கம்ப்யூட்டருக்கு ஊசி போட்டு முடி."

வேனுக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே போனான். பின்விளக்குகளின் சிவப்பு கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு மலை அதை விழுங்கிவிட்டது. இருபத்தாறு வயதில் அவனுக்கு எதுவும் பெரிய விஷயமில்லை. ஜிபார் அக்கா என்று அவன் என்னை ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. டாக்டரம்மா, புரொபசரம்மா, வாய்க்கு வந்ததெல்லாம்.

நான் டாக்டரும் இல்லை, புரொபசரும் இல்லை. பிஷ்கெக்கில் ஒரு சின்ன நிறுவனத்தில் டீபக்கர் எழுதுகிறவள். மற்றவர்கள் எழுதிய நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் வயிற்றைத் திறந்து பார்க்க உதவும் கருவி அது. இந்தச் சுரங்கப்பாதையின் விசிறிகளையும் விளக்குகளையும் இயக்கும் நிரல் எங்களுடையது. சில மாதங்களாக விசிறிகள் காரணமில்லாமல் நின்று நின்று ஓடுவதாகப் புகார். உள்ளே லாரிப் புகை தங்கும், இழுத்து வெளியே தள்ள அந்த விசிறிகளை விட்டால் வேறு வழியில்லை. அவை நின்றால் உள்ளே இருக்கும் மனிதனுக்கு முதலில் தலை வலிக்கும், அப்புறம் தூக்கம் வரும். அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்தவர்கள் குறைவு.

கட்டுப்பாட்டு அறையில் தொக்தோசுன் அண்ணன் இருந்தார். ஐம்பது தாண்டியவர், கம்பளித் தொப்பியை வீட்டுக்குள்ளும் கழற்றாத ரகம். அறை முழுக்க விசிறிகளின் ரீங்காரம். காதில் கேட்பதைவிட நெஞ்சுக்கூட்டில்தான் அதிகம் கேட்டது.

"படிச்ச ஆளை அனுப்பறேன்னாங்க. பொண்ணை அனுப்பியிருக்காங்க" என்றார்.

"படிச்ச பொண்ணுதான் அண்ணே. ரெண்டும் ஒண்ணா வந்திருக்கு."

அவர் சிரிக்கவில்லை. கிண்ணத்தில் டீ ஊற்றி என் பக்கம் நகர்த்தினார். நான் கையை நீட்டியபோது ரீங்காரம் நின்றது.

அந்த மௌனத்தை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. காற்று இருந்தது, ஆனால் யாரோ அதைப் பிடித்து வைத்திருந்தார்கள். பிறகு ஒரு பெருமூச்சோடு விசிறிகள் மறுபடி சுற்றத் தொடங்கின.

"இப்படித்தான்" என்றார் அவர், நிமிராமல். "விசிறிய ஓட்டற பழைய பெட்டி இருந்தப்பவும் இப்படித்தான் நின்னுச்சு. பெட்டிய மாத்தினாங்க. கம்பிய மாத்தினாங்க. மோட்டாரையும் மாத்தினாங்க. இப்ப நீங்க புரோகிராம்னு ஒண்ணைக் கொண்டாந்து வெச்சிருக்கீங்க. அதுலயும் நிக்குது."

மூன்று தலைமுறைக் கருவிகளில் ஒரே பழுது இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. கிழவர் மிகைப்படுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டு மடிக்கணினியைத் திறந்து, ஓடிக்கொண்டிருந்த நிரலோடு என் டீபக்கரை இணைத்தேன்.

ஒரு நிரல் என்பது ஒற்றை ஆள் இல்லை, ஒரு கூட்டம். விசிறிக்கு ஒரு துண்டு, விளக்குக்கு ஒரு துண்டு, வெளியாரிடம் வாங்கிப் பொருத்திய துண்டுகள் என்று பல மாட்யூல்கள் வந்து நினைவகத்தில் ஏறிக்கொள்ளும். டீபக்கர் அவற்றை வரிசையாகக் காட்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்னச் சின்னக் கொடிகள். ஏறியிருந்தால் ஆமாம், இறங்கியிருந்தால் இல்லை. கணினியின் வட்டில் இதற்குக் கோப்பு உண்டா? இன்னும் நினைவகத்தில் இருக்கிறதா, வேலை முடிந்து இறங்கிப் போய்விட்டதா? கடைசியாக, இது நம்முடையதா?

அந்தக் கடைசிக் கொடிதான் முக்கியம். நம்முடையது என்று கொடி ஏறியிருக்கும் மாட்யூலுக்குள் மட்டும்தான் டீபக்கர் நுழையும். மற்றவற்றை, பக்கத்து வீட்டுச் சண்டையைக் கடந்து போவதைப் போல, கண்டும் காணாமல் தாண்டிவிடும்.

பட்டியலின் முதல் வரியில் பெயர் இல்லை.

வட்டில் கோப்பு இல்லை. 'இறங்கிவிட்டது' என்ற கொடி ஏறியிருந்தது, அதாவது இந்த மாட்யூல் எப்போதோ வேலை முடிந்து போய்விட்டது. நம்முடையது என்ற கொடி இறங்கியிருந்தது. ஏறிய வரிசைப்படி அடுக்கும் பட்டியல் அது. முதலில் நிற்க வேண்டியது எங்கள் நிரல். நிரல் தொடங்குவதற்கு முன்னாலேயே அதற்குள் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தது.

என் கருவியில்தான் பிழை என்று முதலில் என்னைத்தான் திட்டிக்கொண்டேன். புதுப்பித்துப் பார்த்தேன். துண்டித்து மறுபடி இணைத்தேன். அதே வரி, அதே கொடிகள். அடுத்த முறை ரீங்காரம் நின்றபோது நிரல் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தேன்.

பெயரில்லாததற்குள் நின்றது.

போய்விட்டதாகக் கொடி சொல்கிறது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கிறது. என் டீபக்கரோ அது நம்முடையதில்லை என்று ஒவ்வொரு தடவையும் மரியாதையாக அதைத் தாண்டிப் போகிறது. உள்ளே பார்க்க ஒரே வழிதான் இருந்தது. கொடியை ஏற்ற வேண்டும்.

ஓடுகிற நிரலில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் குழந்தைக்கும் தெரியும். டீபக்கர் ஓரிடத்தில் நின்றால் நிரலும் நிற்கும், நிரல் நின்றால் விசிறிகளும் நிற்கும். அதனால் நான் ஒன்றுக்கு இரண்டு ஏற்பாடு செய்தேன். 'எங்கும் நிற்காதே, பார்த்துக் குறித்துக்கொண்டு மட்டும் போ' என்று கருவிக்குக் கட்டளை கொடுத்தேன். கேமராவில் பார்த்தேன், பாதையில் வண்டி இல்லை. அண்ணனிடம் பாதையை மூடச் சொன்னேன்.

"மேலிடத்துல கேக்காம மூடினா என்னைக் கடிச்சுத் துப்பிடுவாங்க" என்று முணுமுணுத்தார். ஆனாலும் தெற்கு வாயிலுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, எங்கள் பக்கத்துத் தடுப்பை இறக்க வெளியே போனார்.

நான் கொடியை ஏற்றினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ரீங்காரம் நின்றது. நிற்காதே என்று நான் சொல்லியிருந்த டீபக்கர் நின்றிருந்தது, பெயரில்லாததற்குள்.

தொடர் என்று அழுத்தினேன். ஒரு கட்டளை நகர்ந்து மறுபடி நின்றது. மறுபடி அழுத்தினேன், மறுபடி நின்றது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தேன். நாலைந்து வரிகள்தான். திற. காத்திரு. மூடு. காத்திரு. மறுபடி முதலிலிருந்து. அவை விசிறியைத் தொடவில்லை, புகையை அளக்கும் உணரிகளை எதுவும் கேட்கவில்லை. இது எதற்காக இங்கே இருக்கிறது என்று யோசித்தபடி பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். திற, காத்திரு, மூடு, காத்திரு.

என் நெஞ்சு அதனோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அது மூச்சு.

யாரோ அந்த நிரலுக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அறைக்குள் ஈரக் கம்பளியின் நாற்றம் வந்தது. ஈரக் கம்பளி, டீசல் புகை, நாள்பட்ட குளிரில் கிடந்த இரும்பு. கதவும் ஜன்னலும் மூடித்தான் இருந்தன. நான் அவசரமாகக் கொடியை இறக்கினேன். திரையில் ஒரு வாசகம் வந்தது. 'இந்த மாற்றம், மாட்யூல் அடுத்த முறை ஏறும்போது நடைமுறைக்கு வரும்.' அந்த வாசகத்தை எழுதியவளே நான்தான். ஏற்றுவது உடனே நடக்கும், இறக்குவதற்கு மட்டும் அது ஒருமுறை போய்த் திரும்ப வேண்டும் என்று சோம்பேறித்தனமாக அமைத்தவளும் நான்தான். இதுவோ ஏற்கெனவே போய்விட்ட ஒன்று. இனி போகவும் போகாது, திரும்ப ஏறவும் ஏறாது.

கதவு படாரென்று திறந்தது. தொக்தோசுன் அண்ணன் தொப்பி நிறையப் பனியோடு நின்றார்.

"ஏன் இன்னும் ஓடல? எப்பவும் இவ்வளவு நேரம் நிக்காது. என்ன செஞ்ச தங்கச்சி?"

நான் வாய் திறக்குமுன் மேஜைப் போன் அடித்தது. தெற்கு வாயில்காரர். அவர் கத்தியது எனக்கே கேட்டது.

"நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள ஒரு நிலக்கரி லாரியும் ஒரு வேனும் உள்ள பூந்துடுச்சுய்யா! அப்புறம்தான் மூடினேன். விசிறி ஏன் நிக்குது?"

"என்ன வேன்?" என்று நான் போனைப் பிடுங்கிக் கேட்டேன்.

"வெள்ளை வேன். பிஷ்கெக் நம்பர். டிரைவர் பையன் கை காட்டிட்டுப் போனான்."

என் தம்பி வருவேன் என்றால் வந்துவிடுவான், அதிலும் சொன்னதைவிட முந்தி.

வேறு வழி ஒன்று இருந்தது. டீபக்கரை மூடினால் அதன் பிடியில் இருக்கும் நிரலும் செத்துவிடும். அதற்குப் பிறகு சுவர் அலமாரியில் இருக்கும் சுவிட்சுகளைக் கொண்டு விசிறிகளைக் கையாலேயே கிளப்பலாம். ஆனால் பெரிய மோட்டார்கள் அவை. ஒன்று வேகம் பிடித்த பிறகுதான் அடுத்ததைப் போட முடியும். விளக்குகளும் அதோடு அணைந்துவிடும்.

"மூடு" என்றார் அண்ணன், அலமாரியைத் திறந்தபடி. "மூடித் தொலை!"

மூடினேன். நிரல் செத்தது. கேமராத் திரையில் சுரங்கத்தின் விளக்குகள் அணைந்தன. இருட்டில் இரண்டு ஜோடி முகப்பு விளக்குகள், ஒன்றன்பின் ஒன்றாக, நின்றுவிட்டன. லாரிக்காரன் கண் தெரியாமல் பிரேக் போட்டிருக்கிறான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. புகை அவன் விளக்கொளியில் கட்டிகட்டியாக மிதந்தது. அவனுக்குப் பின்னால் என் தம்பி.

நான் மடிக்கணினியைத் திரும்பிப் பார்த்தேன். நிரல் இல்லாததால் பட்டியல் காலியாக இருக்க வேண்டும்.

ஒரு வரி இருந்தது.

நம்முடையது என்ற கொடியோடு.

"அண்ணே, இது போகல" என்றேன். "புரோகிராம் போயிடுச்சு, இது மட்டும் போகல."

"எது?"

"பேரில்லாம ஒண்ணு இருந்துச்சு. உள்ள பாக்கறதுக்காக நம்முடையதுன்னு குறிச்சேன்."

அவர் கை சுவிட்சின் மேலேயே நின்றது.

"நம்மளுதுன்னா சொன்ன?"

"அண்ணே, சுவிட்சு!"

அவர் முதல் மோட்டாரைப் போட்டார். அது முனகிக்கொண்டு மெதுவாக எழுந்தது. அடுத்ததற்காகக் காத்திருந்தபோது, என்னைப் பார்க்காமல், சுவரோடு பேசுவதுபோல் சொன்னார்.

"ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி உள்ள ஒரு வண்டி நின்னு, விசிறி நின்னு, ஜனம் செத்துப்போச்சு. எல்லா ஒடம்பையும் அவங்கவங்க ஆளுங்க வந்து 'கூடப்பொறந்தவனே'ன்னு கதறி எடுத்துக்கிட்டுப் போனாங்க. ஒருத்தனை மட்டும் யாரும் கேட்டு வரல. வழியில கை காட்டி லாரில ஏறினவன். பேரு தெரியாது, காகிதம் கெடையாது. சாவு வீட்டுக்கு வர்ற ஆம்பளைங்க வாசல்ல நின்னு கதறுவோமில்ல, அந்தக் கதறல் இல்லாம மண்ணுக்குள்ள போனவன் அவன் ஒருத்தன்தான். ரோடு போடறவங்களே மேல சரிவுல பொதைச்சாங்க."

"இப்ப எதுக்கு அண்ணே இதெல்லாம்?"

"வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை நாங்க அவனுக்கு ஏழு ரொட்டி பொரிப்போம். எண்ணெ வாசனை உள்ள போகட்டும்னு கதவைத் தெறந்து வெச்சு, 'நீ எங்களவன் இல்ல, உன் வழியப் பாத்துப் போ'ன்னு சொல்லுவோம். போன வாரம் எண்ணெ தீந்துபோச்சு, பொரிக்கல. யாராவது அவனை நம்மளவன்னு சொன்னா வந்துடுவானாம். அவன் விட்டுட்டு வர்ற எடம் காலியா இருக்காதாம். எனக்கு முன்னாடி இங்க இருந்தவர் சொன்னது. பைத்தியக்காரப் பேச்சுன்னுதான் நெனச்சேன். நெசமா என்னன்னு எனக்குத் தெரியாது தங்கச்சி, அல்லாவுக்குத்தான் தெரியும்."

மீதியைக் கேட்க நான் அங்கே இல்லை. கோட்டுகூடப் போடாமல் வெளியே ஓடினேன்.

சுரங்கத்தின் வாய் கறுப்பாகத் திறந்திருந்தது. வழக்கமாக அதிலிருந்து காற்று முகத்தில் அடிக்கும். இப்போது எதுவும் வரவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனேன். டீசல் நெடி தொண்டையைப் பிடித்தது. சில அடிகளுக்குள் என் கையே எனக்குத் தெரியவில்லை. எங்கோ வெகு ஆழத்தில் லாரியின் எஞ்சின் திக்கித் திக்கி உறுமியது.

"தாலாய்!"

மலை என் குரலைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"தாலாய்! வண்டிய விட்டு எறங்கி நடந்து வாடா! தாலாய்!"

பதில் இல்லை. என்ன சொல்கிறோம் என்ற நினைவே இல்லாமல் அடிவயிற்றிலிருந்து கதறினேன்.

"என் கூடப்பொறந்தவனே!"

எஞ்சின் சத்தம் நின்றது.

அந்த இருட்டில், வெகு தூரத்திலிருந்து இல்லை, என் அருகிலேயே யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

நீளமாக. ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததுபோல.

ஈரக் கம்பளி என் தோளை உரசிக்கொண்டு போனது. வாசல் பக்கம் போகவில்லை, உள்ளே போனது, எஞ்சின் நின்ற இடத்தை நோக்கி. நடந்து போகும் சத்தம் இல்லை. குளிர் மட்டும் போனது. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். யாரைக் கூப்பிட்டேன், யார் காதில் விழுந்தது என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்து என்ன செய்ய?

விசிறிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி ஊளையிட்டன. காற்று என் தலைமுடியை இழுத்தது. அண்ணன் எப்படியோ விளக்குகளையும் போட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் லாரி இருமிக்கொண்டு வெளியே வந்தது. டிரைவர் கதவைத் திறந்து பனியில் வாந்தி எடுத்தான். அவனுக்குப் பின்னால் வெள்ளை வேன் மெதுவாக, ரொம்ப ஒழுங்காக, வந்து நின்றது.

தாலாய் ஓட்டிக்கொண்டிருந்தான்.

நான் அழுதேன், சிரித்தேன், வேனின் பக்கவாட்டைக் கையால் அடித்தேன். பயணிகள் ஒவ்வொருவராக இறங்கிக் காற்றை விழுங்கினார்கள். பீன்ஸ் மூட்டையோடு முன்சீட்டில் வந்த பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் தம்பியாம்மா? நான் போயிட்டான்னே நெனச்சேன். எங்களையெல்லாம் முகத்தைத் துணியால மூடிக்கச் சொல்லிட்டு, அவன் போத்தியிருந்த துணியை என் புள்ளைக்குக் குடுத்தான். அப்புறம் ஸ்டியரிங்ல தலைய வெச்சவன்தான். தொட்டா ஜில்லுனு இருந்தான். சாகறவங்களுக்கு ஓதற யாசினை நான் ஓத ஆரம்பிச்சுட்டேன். அப்புறம் வெளியேருந்து யாரோ ஒரு பொம்பளை கத்தற சத்தம் கேட்டுச்சு. நிமிர்ந்து உக்காந்தான். சாவியத் திருப்பினான். அல்லா பெரியவன்."

தாலாய் இறங்கி என் முன்னால் வந்து நின்றான். அந்தக் குளிரில் எங்கள் எல்லோர் வாயிலும் புகை புகையாக மூச்சு வந்துகொண்டிருந்தது.

அவன் வாயில் வரவில்லை.

"அக்கா" என்றான், மிக மரியாதையாக. "வீட்டுக்குப் போகலாமா?"

நேராகவே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைக்க எனக்குத் தெம்பில்லை. அது தாலாய் இல்லை.

யார் நம்புவார்கள்? டாக்டர்கள் நெஞ்சைத் தட்டிப் பார்த்து, புகை கொஞ்சம் உள்ளே போயிருக்கிறது, நாடி மெதுவாக இருக்கிறது, இளம் வயசு, தேறிவிடுவான் என்றார்கள். அம்மா ஆட்டை அறுத்து ஊருக்கு விருந்து வைத்தாள். அன்றிலிருந்து வீட்டில் ஒரு நல்ல பிள்ளை இருக்கிறான். விடிவதற்குள் அடுப்புக்கு நிலக்கரி கொண்டுவந்து வைக்கிறான். அம்மாவின் காலை வெந்நீரில் கழுவிவிடுகிறான். யாரையும் கிண்டல் செய்வதில்லை, கதவை அறைந்து சாத்துவதில்லை. டீக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து அதன் சூட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்கும். ஒரு மூச்சு, நெடுநேரம் ஒன்றுமில்லை, பிறகு இன்னொரு மூச்சு.

"சாவைப் பாத்துட்டு வந்ததுல புத்தி வந்திருக்குடி" என்கிறாள் அம்மா. "நீ ஏன் புள்ளையக் கண்டாலே மூஞ்சியத் திருப்பிக்கிற? உன்னைத்தான் எந்நேரமும் கேக்கறான். உன்னாலதான் வீடு வந்து சேந்தேன்னு சொல்றான்."

பனி உருகத் தொடங்கிய பிறகு தொக்தோசுன் அண்ணன் எனக்குப் போன் செய்தார். அலுவலகம் வழியாக இல்லை, நேராக.

"மறுபடி நிக்குது. முன்ன மாதிரி இல்ல. அது பாவம், ஏதோ நின்னு நின்னு மூச்சு வாங்கும். இது அடிச்சுக்குது. வண்டி உள்ள வர்றப்பல்லாம் நிக்குது. முந்தாநாள் கல்யாணக் கார்ல பொண்ணு மயங்கிடுச்சு. நீ வா."

போனேன். அறையில் எண்ணெய்ச் சட்டி காய்ந்துகொண்டிருந்தது, மாவு பிசைந்து வைத்திருந்தார். நான் மடிக்கணினியைத் திறந்து டீபக்கரை இணைத்தேன்.

முதல் வரியில் பெயர் இல்லை. வட்டில் கோப்பு இல்லை. இறங்கிவிட்டது, ஆனால் ஓடிக்கொண்டிருக்கிறது. நம்முடையது என்ற கொடி இறங்கியிருந்தது. அன்று நான் ஏற்றிவிட்டு இறக்க முடியாமல் போன கொடி. அப்படியானால் இது அன்றைய வரி இல்லை. அது போய் எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறது. இது புதிது.

"தாலாய்" என்றேன்.

ரீங்காரம் தடுமாறியது.

என் விரல் கொடியின் மேலேயே இருந்தது. ஒரு அழுத்து. அவன் வந்துவிடுவான், எனக்குச் சந்தேகமே இல்லை. வந்து என்னைக் கண்டபடி திட்டுவான். கேமராத் திரையில் ஒரு ஆட்டு லாரி உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஓட்டுகிறவனும் பக்கத்தில் அவன் மனைவியும் ஏதோ தின்றுகொண்டு பேசிச் சிரிப்பது தெரிந்தது. எந்த நேரம் பார்த்தாலும் உள்ளே யாராவது இருப்பார்கள். பாதை காலியாக இருக்கும்போது ஏற்றினால் என்ன என்றும் நினைத்தேன். அப்போது அந்த இடத்துக்கு யார்? நானா? நான் தயாராகத்தான் இருந்தேன். அதை அண்ணனிடம் சொன்னேன்.

"உனக்காக அவன் அடிச்சுக்குவான், அவனுக்காக நீ அடிச்சுக்குவ. நடுவுல ஜனம் சாகும்" என்றார். அதட்டலாகத்தான் சொன்னார், ஆனால் கண் கலங்கியிருந்தது. "தான் வெளியாள்னு அவனுக்குத் தெரியணும். அப்பதான் அடங்குவான். நான் மூணு வெள்ளிக்கிழமையா சொல்லிப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்குறான். நான் யாரு அவனுக்கு? ரத்த சொந்தம் சொன்னாத்தான் நம்புவான்."

லாரி வெளியே போகும்வரை காத்திருந்தோம். இரண்டு பக்கமும் தடுப்பை இறக்கினோம். அண்ணன் ரொட்டிகளைப் பொரித்து எடுத்தார். நான் தட்டை வாங்கிக்கொண்டு சுரங்கத்தின் வாயில் போய் நின்றேன். சூடான எண்ணெய் வாசனை இருட்டுக்குள் இழுபட்டுப் போனது. ரொட்டி வாசனை வந்தால் சட்டியிலிருந்தே எடுத்து விரலைச் சுட்டுக்கொள்கிறவன் அவன்.

"நீ எங்களவன் இல்ல" என்றேன்.

விசிறிகள் நின்றன.

அண்ணன் பின்னாலிருந்து மெல்லச் சொன்னார். "முழுசாச் சொல்லும்மா."

"நீ எங்களவன் இல்ல. உன் வழியப் பாத்துப் போ."

ரொட்டியைப் பிட்டுச் சுவரோரம் வைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்து இதையே சொல்ல வேண்டும். அதற்கடுத்த வெள்ளியும். நான் செத்த பிறகு வேறு யாராவது சொல்வார்கள், அவர்களுக்கு அவன் பெயர் தெரிந்திருக்காது.

சட்டைப் பையில் போன் அடித்தது. அம்மா.

"எங்கடி இருக்க? தம்பி சாப்பாட்டைத் தொடாம உக்காந்திருக்கான். நீ வந்தாத்தான் சாப்பிடுவானாம். அக்கா அந்த எடத்துக்கு ஏன் போனா, யாரைப் பாக்கப் போயிருக்கான்னு கேட்டுக்கிட்டே இருக்கான்."

எங்கே போகிறேன் என்று நான் வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"வர்றேம்மா" என்றேன்.

போனை வைத்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன். விசிறிகள் இன்னும் ஓடவில்லை.